டயாலிசிஸ் கோப்பில் தூக்கத்துக்கும் இடம் வேண்டும்

டயாலிசிஸுக்கு வரும் ஒருவரின் கோப்பைப் புரட்டினால் முழுக்க எண்களாகத்தான் இருக்கும். மெஷினில் படுக்கும்முன் எடை எவ்வளவு, எழுந்தபின் எவ்வளவு, ரத்த அழுத்தம் என்ன, எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள், ஹீமோகுளோபின் ஏறியதா, யூரியா எந்த அளவுக்கு இறங்கியது, பொட்டாசியமும் பாஸ்பரஸும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று எல்லாம் பதிவாகும். இரவில் அவர் தூங்கினாரா என்ற கேள்விக்குப் பெரும்பாலான இடங்களில் கட்டமே கிடையாது. நோயாளியே வாய்விட்டுச் சொன்னாலும், ‘இந்த நோய்க்கு அப்படித்தான் இருக்கும்’ என்ற ஆறுதலோடும் ஒரு தூக்க மாத்திரையோடும் பேச்சு முடிந்துவிடுவது நாடெங்கும் வழக்கம். புளியந்தோப்பு போன்ற ஒரு பகுதியிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அரசு மருத்துவமனைக்குப் போய்வருபவருக்கு, தூக்கம் கெட்டது ஒரு புகாராகக்கூடத் தோன்றுவதில்லை. உயிரோடு இருப்பதற்குக் கொடுக்கும் விலையில் அதையும் ஒன்றாக எழுதிவைத்துக்கொள்கிறார். அந்த மனக்கணக்கு தப்பு. டயாலிசிஸ் நோயாளியின் தூக்கம், அவருக்குக் கிடைக்கும் டயாலிசிஸ் போதுமானதா என்று காட்டும் அளவுகோல்களில் ஒன்று. அரசுப் பணத்தில் இயங்கும் ஒவ்வொரு மையமும் ஹீமோகுளோபினைப் பார்ப்பதுபோல் மாதந்தோறும் தூக்கத்தையும் கேட்டுப் பதிய வேண்டும். பதிந்ததன்மேல் நடவடிக்கையும் எடுக்க வேண்டும்.

இதற்கு வலுவான சான்று இருக்கிறது. 1996 முதல் 2001 வரை அமெரிக்கா, ஜப்பான், ஐந்து ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றின் 308 மையங்களில் 11,351 டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ‘உங்கள் தூக்கத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?’ என்பதே அது. 49 சதவீதம் பேர் ஆறுக்கும் கீழே போட்டார்கள். அதாவது, ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவருக்குத் தூக்கம் சரியில்லை. வயது, சர்க்கரை நோய், இதய நோய் போன்ற மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும், தூக்கம் கெட்டவர்கள் இறந்துபோகும் அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2008-இல் இந்த முடிவு வெளியானது. தூக்கக் கேடுதான் ஆளைக் கொல்கிறது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உள்ளே வேறு ஏதோ கெட்டிருப்பதன் வெளி அடையாளமாகவும் அது இருக்கலாம். ஆனால் எது உண்மையென்றாலும் முடிவு ஒன்றுதான். காரணமாக இருந்தால் அதைக் குணப்படுத்த வேண்டும். அடையாளமாக இருந்தால் அதைப் பார்த்து உள்ளே தேட வேண்டும். ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், பைசா செலவில்லாமல் கேட்கக்கூடிய ஒற்றைக் கேள்வி இவ்வளவு சொல்லுமென்றால், அதைக் கேட்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்தக் கேள்வியின் மதிப்பு இன்னும் தெளிவாகும். முதல் காரணம் தண்ணீர். சிறுநீர் பிரியாதவர் குடிப்பதெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் உடம்பிலேயே தங்குகிறது. பகலில் நடந்தும் உட்கார்ந்தும் இருக்கும்போது அது காலில் இறங்கிக் கணுக்காலை வீங்க வைக்கிறது. இரவில் படுத்ததும் அதே நீர் மேல்நோக்கி நகர்ந்து கழுத்துத் திசுக்களில் சேர்ந்து மூச்சுக்குழாயை நெருக்குகிறது, நுரையீரலிலும் தேங்குகிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குறட்டை பலமாகக் கேட்பதால், ‘நன்றாகத்தான் தூங்குகிறார்’ என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் மூளை அவரைப் பாதி எழுப்பிவிடுகிறது. காலையில் எழும்போது இரவு முழுக்க மூட்டை தூக்கியவர்போல் சோர்ந்துகிடக்கிறார். 2015-இல் வெளியான டொரொண்டோ ஆய்வொன்றில், ரத்தத்திலிருந்து கழிவை அகற்றாமல் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீரை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். மணிக்கு ஏறத்தாழ 44 முறை தடைபட்டுக்கொண்டிருந்த மூச்சு, அன்றிரவே 28 முறையாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், தூக்கக் கேட்டின் ஒரு பெரும்பங்கு தேங்கிய நீரில் இருக்கிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. அப்படியானால், இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காரும் நோயாளி நமக்குச் சொல்வது, தன்னுடைய ‘டிரை வெயிட்’ (தேங்கிய நீரெல்லாம் போனபின் இருக்க வேண்டிய எடை) தப்பாகக் கணிக்கப்பட்டிருக்கிறது அல்லது போதிய நேரம் டயாலிசிஸ் நடக்கவில்லை என்பதைத்தான்.

இரண்டாவது காரணம் கால் குடைச்சல். வலி என்று சொல்ல முடியாது, அரிப்பு என்றும் சொல்ல முடியாது. எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், காலை ஆட்டினால்தான் அடங்கும், ஓய்ந்து படுத்தால் மறுபடி தொடங்கும். டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். பொதுமக்களிடம் இருப்பதைவிட இது பல மடங்கு. இரும்புச்சத்துக் குறைவும், மூளையில் டோபமின் வேலை செய்யும் விதத்தில் ஏற்படும் மாற்றமும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. மாலையிலும் இரவிலும்தான் இது கூடும். அசையாமல் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டிய டயாலிசிஸ் படுக்கையிலும் கூடும். குடைச்சல் தாங்காமல், ‘இன்றைக்கு இதோடு எடுத்துவிடுங்கள்’ என்று அரை மணி முன்னதாகவே எழுந்துகொள்பவர்கள் உண்டு. அந்த அரை மணி நேரக் கழிவும் நீரும் உடம்பிலேயே தங்கும். அதனால் அன்றிரவுத் தூக்கம் மேலும் கெடும். கோப்பில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று பதிவாகக்கூடிய ஒன்றின் வேர், யாரும் கேட்காத கால் குடைச்சலில் இருக்கலாம். ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்த்து ஊசியாக ஏற்றுவது, டயாலிசிஸ் நடக்கும்போதே காலுக்குச் சிறு உடற்பயிற்சி கொடுப்பது, தேவைப்பட்டால் கிட்னி நோய்க்கு ஏற்பக் குறைத்த அளவில் மருந்து கொடுப்பது என்று இதற்கு வழிகள் இருக்கின்றன. கேட்டால்தான் அந்த வழிகளுக்குள் போக முடியும்.

இவற்றோடு பாஸ்பரஸும் பிற கழிவுகளும் கிளப்பும் அரிப்பு இருக்கிறது. அதுவும் இரவில்தான் உச்சத்துக்குப் போகும். பகலையும் இரவையும் உடம்புக்கு உணர்த்தும் மெலடோனின் சுரப்பு, சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் இரவில் ஏற வேண்டிய அளவுக்கு ஏறுவதில்லை. காலை ஷிஃப்டுக்கு வருபவர் நாலரை மணிக்கே எழுந்து கிளம்புகிறார். மெஷினில் படுத்ததும் அசதியில் கண்ணயர்கிறார். அந்தப் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது. வேலை போன கவலை, கடன், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற எண்ணம் ஆகியவையும் சேர்கின்றன. ஆக, ‘தூக்கம் வரவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் ஐந்தாறு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இதில் எதையும் விசாரிக்காமல் ஒரே பதிலைச் சொல்வதுதான் இப்போதைய சிக்கல்.

இங்கே ஒரு மறுப்பு எழும். புளியந்தோப்பில் யாருக்குத்தான் நிம்மதியான தூக்கம் இருக்கிறது? பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கிறார்கள். ஓட்டேரி நல்லா கால்வாய்ப் பக்கத்துக் கொசு, வியாசர்பாடி, பேசின்பாலம் பக்கம் இரவெல்லாம் ரயில் சத்தம், மே மாதத்தில் 28 டிகிரியை ஒட்டியே நிற்கும் இரவுப் புழுக்கம், மின்வெட்டு. ஊருக்கே இருக்கும் தொல்லையை நோயாக்குவதா என்று கேட்கலாம். சூழல் பாதிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே அறையில், அதே புழுக்கத்தில், நாளெல்லாம் சுமை இறக்கிவிட்டு வந்தவர் அயர்ந்து தூங்குகிறார். அருகில் படுத்திருக்கும் டயாலிசிஸ் நோயாளி விழித்திருக்கிறார். அந்த வித்தியாசத்தைக் கொசுவாலும் புழுக்கத்தாலும் விளக்க முடியாது. அதுமட்டுமல்ல, இந்தச் சூழல் நோயின் மேல் சும்மா வந்து அமரவில்லை, நோயையே வளர்க்கிறது. புழுக்கம் தாகத்தைக் கூட்டுகிறது. தாகம் தண்ணீரைக் கூட்டுகிறது. தண்ணீர் இரவில் மூச்சை அடைக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் வடியாமல் நின்றதையும், மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்படுவதையும் இந்தப் பகுதியினர் அறிவார்கள். அப்படி ஒரு நாளில் மருத்துவமனைக்குப் போகமுடியாமல் ஒரு டயாலிசிஸ் தவறினாலே அடுத்த இரவை உட்கார்ந்தபடிதான் கழிக்க வேண்டியிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோனாலும் அதே கதிதான். வசதியான வீட்டில் ஏசி போட்டுத் தூங்கும் நோயாளியைவிட இங்கிருப்பவரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியம் அதிகம் என்பதுதான் இதிலிருந்து வரும் முடிவு.

தாகத்தைப் பற்றிப் பேசும்போது உப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ‘தண்ணீரைக் குறையுங்கள்’ என்று நோயாளியிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சிறுநீர் பிரியும் அளவோடு அரை லிட்டர் சேர்த்து ஒரு நாளைக்கு அவ்வளவுதான் என்று கணக்கும் கொடுக்கப்படுகிறது. சென்னை வெயிலில் அது எவ்வளவு கொடுமை என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் தாகத்தைத் தூண்டுவதில் வெயிலைவிட உப்புக்குப் பங்கு அதிகம். சுமார் 9 கிராம் உப்பு உடம்பில் சேர்ந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த ஒரு லிட்டரைக் குடிக்கும்வரை தாகம் விடாது. பழைய சோற்றுக்குக் கருவாடும் ஊறுகாயும், கஞ்சிக்கு அப்பளமும், மாலையில் பாக்கெட் சிப்ஸும் என்று போகும் உணவில், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாளைக்கு 5 கிராம் என்ற எல்லை ஒரு வேளையிலேயே கடந்துவிடும். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது நடக்காத காரியம். கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை வாங்கலாமா என்றால், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். கிட்னி நோயாளியின் இதயத்துக்கு அது ஆபத்து. இந்த விவரங்களை எளிய தமிழில், இந்தப் பகுதியின் சாப்பாட்டை அறிந்த ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். தூக்க மதிப்பெண் குறைந்த நோயாளிக்கு முதலில் கிடைக்க வேண்டிய மருந்து அந்த அரை மணி நேரப் பேச்சு.

அதற்குப் பதில் கிடைப்பது பெரும்பாலும் மாத்திரை. ‘தூங்க முடியவில்லை என்றால் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளட்டுமே, இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’ என்பது அடுத்த மறுப்பு. அல்பிரசோலம், ஜோல்பிடெம் போன்ற மருந்துகள் 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். அந்தக் கட்டுப்பாடு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. மூச்சு நின்று நின்று வருபவருக்கு இத்தகைய மாத்திரை கொடுத்தால், மூச்சு நிற்கும்போது அவரை எழுப்பிக் காப்பாற்றும் மூளையின் காவலையும் சேர்த்துத் தூங்கவைக்கும். இரவில் எழுந்து தடுமாறி விழுந்தால், ஏற்கெனவே பலவீனமான எலும்பு முறியும். டயாலிசிஸ் நோயாளிகளில் இந்த வகை மாத்திரை எடுத்துக்கொள்பவர்களிடையே இறப்பு அதிகம் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-லேயே கண்டது. அரிப்புக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து மெடிக்கல் ஷாப்பில் எளிதாகக் கிடைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள் கால் குடைச்சலைக் கூட்டிவிடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான். குடைச்சலுக்கு நல்ல மருந்தான கபாபென்டின்கூட, சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் வெளியேற வழியில்லாமல் தேங்கும். அளவு மீறினால் பகலெல்லாம் மயக்கத்தில் ஆழ்த்தும். காரணம் தெரியாமல் கொடுக்கும் மருந்து அந்தக் காரணத்தையே வளர்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இதற்கும் மேலே போய், கற்றறிந்த மறுப்பாளர் ஒருவர் வேறொரு கேள்வி கேட்கலாம். 2024-இல் அமெரிக்காவின் சியாட்டில், ஆல்புகெர்க்கி நகரங்களில் தூக்கமின்மை உள்ள 126 டயாலிசிஸ் நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு குழுவுக்கு உளவியல் முறைப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு டிரசோடோன் மாத்திரை, மூன்றாவது குழுவுக்கு வெறும் போலி மாத்திரை. மூன்று குழுக்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டிரசோடோன் எடுத்தவர்களுக்கு இதயம் சார்ந்த தீவிரப் பக்கவிளைவுகள் அதிகமாக வந்தன. வைத்தியமே பலிக்காத ஒன்றை மாதந்தோறும் கேட்டு என்ன பயன் என்பது கேள்வி. கடினமான கேள்விதான், நேர்மையான கேள்வியும்கூட. அந்த ஆய்வு உண்மையில் நிரூபித்தது, டயாலிசிஸ் நோயாளியின் தூக்கமின்மையைச் சாதாரண மனிதரின் தூக்கமின்மையைப்போல நடத்தினால் பலன் இல்லை என்பதை. தேங்கிய நீரையும் வெளியேறாத கழிவையும் விட்டுவிட்டு மனத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்தாலும், மூளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்தாலும் தூக்கம் வராது. காரணத்தின்மேல் கைவைத்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. தண்ணீரை எடுத்ததும் மூச்சுத்தடை குறைந்த ஆய்வை மேலே பார்த்தோம். 2001-இல் டொரொண்டோவில் 14 நோயாளிகளை வழக்கமான டயாலிசிஸிலிருந்து இரவு முழுக்க நடக்கும் டயாலிசிஸுக்கு மாற்றியபோது, மூச்சுத்தடை மணிக்கு 25 என்பதிலிருந்து 8 ஆக இறங்கியது. எண்ணிக்கை சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடிக்கடி டயாலிசிஸ் செய்து பார்த்த பிற்காலத்துப் பெரிய ஆய்வுகளில், நோயாளிகளே சொன்ன தூக்க மதிப்பெண் எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே தீர்வு இல்லை, ஒவ்வொருவருக்கும் காரணத்தைத் தேடியாக வேண்டும் என்றுதான் இவை அனைத்தும் சேர்ந்து சொல்கின்றன. தேடலைத் தொடங்கிவைப்பது அந்தக் கேள்விதான்.

இதையெல்லாம் கேட்ட பிறகும், நிர்வாகத்தில் இருப்பவர் சொல்லக்கூடிய நியாயமான பதில் ஒன்று இருக்கிறது: ‘முதலில் எல்லாருக்கும் மெஷின் கிடைக்கட்டும், தூக்கத்தைப் பிறகு பார்க்கலாம்.’ நாட்டில் ஆண்டுக்கு 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்பின் கடைசிக் கட்டத்துக்கு வருகிறார்கள், அதனால் ஆண்டுக்கு 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது 2016-இல் தேசிய டயாலிசிஸ் திட்டம் தொடங்கப்பட்டபோது மத்திய அரசு சொன்ன மதிப்பீடு. தமிழ்நாடு இந்த வழியில் முன்னதாகவே நடந்த மாநிலம். 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டேங்கர் அறக்கட்டளை ஏழைகளுக்கு டயாலிசிஸ் கொடுத்துவருகிறது. பிற்பாடு மாநகராட்சியோடு கைகோத்தும் மையங்களை நடத்துகிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், சொத்தை விற்காமல் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலையை ஏழைகளுக்கு உண்டாக்கின. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எந்தக் காரணமும் இல்லை. ஆனால் எத்தனை மெஷின், எத்தனை முறை என்று எண்ணுவது முதல் கட்டத்தின் கணக்கு. அந்தக் கட்டத்தைப் பெருமளவு தாண்டிவிட்ட மாநிலம், ஒவ்வொரு முறையும் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்ற அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். தூக்கம் கெட்டவர் மெஷினிலிருந்து பாதியில் எழுகிறார், ஒரு முறை வராமல் விடுகிறார், நள்ளிரவில் மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு வந்து சேருகிறார். அந்தச் செலவும் அரசுக் கணக்கில்தான் விழுகிறது. ஆகவே தூக்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது மிச்சம் பிடிக்கும் வழி அல்ல.

கணக்கெடுக்கத் தொடங்கினால் முதலில் வெளிச்சத்துக்கு வரப்போவது நேரம்தான். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வழக்கம். இந்தியாவில் பலர் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டயாலிசிஸ் இலவசமாகக் கிடைத்தாலும் அந்த நாளின் கூலி இலவசமாகக் கிடைக்காது. துணைக்கு வருபவரின் கூலியும் போகும். ஆட்டோவுக்கும் கொடுக்க வேண்டும். துறைமுகத்தில் சுமை இறக்குபவர், ஆடுதொட்டியில் வேலை செய்பவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண் ஆகியோருக்கு வாரத்தில் மூன்று நாள் போவதென்பது பாதி வருமானம் போவதற்குச் சமம். யூரியா 65 சதவீதம் இறங்கிவிட்டது என்று கோப்பு நிம்மதியாகச் சொல்லலாம். யூரியா சீக்கிரம் இறங்கும். பாஸ்பரஸும் தேங்கிய நீரும் இறங்க நேரம் பிடிக்கும். நான்கு மணி நேரத்துக்குள் மூன்று நாலு லிட்டரை அவசரமாக உறிஞ்சினால் ரத்த அழுத்தம் சரிந்து தசை பிடித்துக்கொள்ளும். பயந்துபோய்க் குறைவாக எடுத்தால் இரவில் மூச்சு அடைக்கும். இந்த இழுபறியை யூரியா எண் காட்டாது, தூக்க மதிப்பெண் காட்டும்.

நேரத்தைக் கூட்ட ஒரு வழி இரவுதான். 1960-இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் உருவாக்கிய குழாய் இணைப்பால் நீண்டகால டயாலிசிஸ் சாத்தியமான காலத்தில் அது பல மணி நேரம் நடக்கும் சிகிச்சையாகவே இருந்தது. பிரான்சின் தசான் நகரில் முறைக்கு எட்டு மணி நேரம் என்ற வழக்கத்தைப் பல பத்தாண்டுகள் விடாமல் நடத்தி ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக் காட்டினார்கள். துருக்கியில் 247 நோயாளிகளுக்கு வாரம் மூன்று இரவு, மையத்திலேயே எட்டு மணி நேரம் டயாலிசிஸ் கொடுத்து, அதே எண்ணிக்கையிலான வழக்கமான நோயாளிகளோடு ஒப்பிட்டபோது இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்திருந்தன. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல என்பதால் அதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் முயன்று பார்க்கப் போதுமான காரணம் அதில் இருக்கிறது. மெஷின் இருக்கும் பல இடங்களில் இரவில் அது சும்மாதான் நிற்கிறது. வடசென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் பத்துப் படுக்கைகளோடு சோதனையாக இதைத் தொடங்கலாம். மாலையில் வந்து காலையில் போவதால் நள்ளிரவுப் பயணம் இல்லை. பகல் கூலியும் போகாது. வெளிச்சமும் அலாரமும் உள்ள அறையில் தூக்கம் வருமா, இரவுப் பணிக்குச் செவிலியரும் டெக்னீஷியனும் கிடைப்பார்களா என்ற ஐயங்கள் நியாயமானவை. சோதனை என்பதே அந்த ஐயங்களைத் தீர்க்கத்தான். விரும்புபவர்களுக்கு மட்டும் கொடுத்து, ஓராண்டு கழித்துத் தூக்க மதிப்பெண்ணையும் மற்ற எண்களையும் வெளியிட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

எல்லாவற்றையும் அளக்கப் போனால் அளப்பதே வேலையாகிவிடும் என்றும் சிலர் அஞ்சலாம். ஏற்கெனவே ஆள் பற்றாத மையங்களில் செவிலியருக்கு இன்னொரு படிவமா? நான் கேட்பது நான்கே கேள்விகள்: தூக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை, கால் குடைச்சல் உண்டா, அரிப்பு எழுப்புகிறதா, குறட்டையோ மூச்சுத்தடையோ இருப்பதாக வீட்டில் சொல்கிறார்களா. மாதம் ஒரு முறை, நோயாளிக்கு இரண்டு நிமிடம். ஆறுக்குக் கீழே வந்தால் என்ன செய்வது என்ற பட்டியலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்: டிரை வெயிட்டைத் திரும்பப் பார்ப்பது, நேரத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது, இரும்புச்சத்தும் பாஸ்பரஸும், எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் சோதனை, உப்பு, ஷிஃப்ட் மாற்றம், மனச்சோர்வு. இவை எதற்கும் புதுக் கருவி தேவையில்லை. இவற்றுக்குப் பிறகும் மூச்சுத்தடை தீராத சிலருக்குத்தான் தூக்கப் பரிசோதனையும் மூச்சுக்கருவியும் தேவைப்படும். அந்தச் சிலருக்குக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்க வேண்டும். மதிப்பெண்ணை மையத்துக்குக் கொடுக்கும் பணத்தோடு முடிச்சுப்போடக் கூடாது. போட்டால் எல்லாரும் எட்டு மணி நேரம் தூங்கியதாகக் கோப்பு சொல்லும். சரிபார்க்க வேறொரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகிறார்கள். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பைகளைச் சேர்ப்பதும் அதே திட்டம்தான். அவர்கள் வீட்டு வாசலில் அதே நான்கு கேள்விகளைக் கேட்டால், மையத்தின் கணக்கையும் வீட்டின் கணக்கையும் ஒப்பிட்டுவிடலாம். குறட்டையைப் பற்றி நோயாளியைவிட அவருடைய மனைவிக்குத்தானே தெரியும்?

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் பலருக்குக் கால் குடைச்சலும் மூச்சுத்தடையும் குறைகின்றன என்பது உண்மை. அதுவே சிறந்த தீர்வு என்பதும் உண்மை. ஆனால் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் சிறுநீரகத்துக்காக ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். பலருக்கு அது முடிவதே இல்லை. அதுவரையிலான வாழ்க்கை டயாலிசிஸில்தான் கழியும். அந்த வாழ்க்கையில் தங்களுக்கு எது முக்கியம் என்று நோயாளிகளிடமே கேட்ட ஒரு சர்வதேச முயற்சி சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இனி நடக்கும் டயாலிசிஸ் ஆய்வுகள் எல்லாம் எதையெல்லாம் அளந்தாக வேண்டும் என்று நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து வகுத்த நான்கில் இறப்பு, இதய நோய், ரத்தக்குழாய் இணைப்பு ஆகியவற்றோடு அசதியும் இடம்பெற்றது. மருத்துவர்கள் சாவை எண்ணிக்கொண்டிருந்தபோது நோயாளிகள் அசதியைச் சொன்னார்கள். அந்த அசதியின் பெரும்பங்கு முந்தைய இரவில் விளைகிறது. உயிரைக் காப்பாற்றும் சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கத் துணிந்த அரசுக்கு, காப்பாற்றிய உயிர் எப்படி இருக்கிறது என்று கேட்பது பெரிய செலவு அல்ல. மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அடுத்த சுற்றறிக்கையில் இந்த நான்கு கேள்விகளையும் சேர்ப்பதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை, நிதிநிலை அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மக்கள் நல்வாழ்வுத் துறையின் ஓர் ஆணை போதும். அதைப் பிறப்பிக்கத் தாமதிப்பதற்கான காரணத்தைத் துறைதான் சொல்ல வேண்டும்.